கர்ணன் கதை கேட்டால் விசுவாசம் குறையுமா?

தென்கோடிக் கடலோர ஊர் ஒன்றிலிருந்து ஒரு தாய் நான்கு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். ஆளை அடையாளம் காட்டும் விவரங்களை நீக்கிவிட்டுச் சாரத்தை மட்டும் தருகிறேன்.

அவர் கத்தோலிக்கர், கணவர் இந்து. ஆயரின் அனுமதி பெற்றுத் தேவாலயத்தில் நடந்த திருமணம். மகளுக்கு 13 வயது, மகனுக்கு 8. இருவரும் திருமுழுக்குப் பெற்றவர்கள். மாமியாரும் உடன் இருக்கிறார். இரவு செபமாலை முடிந்ததும் வீட்டில் கதை நேரம். அம்மா புத்தகத்தைப் பார்த்து வாசிப்பார். பாட்டிக்குப் புத்தகம் வேண்டாம். விக்கிரமாதித்தன், பாரதம், பஞ்சதந்திரம் எல்லாம் வாயிலேயே இருக்கிறது.

மகன் வரும் மே மாதம் புதுநன்மை, அதாவது முதல் நற்கருணை, வாங்கப் போகிறான். மறைக்கல்வி வகுப்பில் ஆசிரியை, "நண்பர்களுக்காகத் தன் உயிரையே கொடுத்தவர் யார்?" என்று கேட்டிருக்கிறார். பையன் முந்திக்கொண்டு எழுந்து, "கர்ணன்" என்றான். வகுப்பு முழுக்கச் சிரிப்பு. ஆசிரியை அம்மாவைக் கூப்பிட்டு, "வீட்டில் என்னதான் சொல்லிக் கொடுக்கிறீர்கள்?" என்று கேட்டிருக்கிறார். இரண்டு ஞாயிறாகப் பையன் வகுப்புக்குப் போக மாட்டேன் என்கிறான். செபக் கூட்டங்களுக்குத் தவறாமல் போகும் இந்தத் தாயின் அக்கா, "வேதாளக் கதையால்தான் பிள்ளை ராத்திரியில் அலறி எழுகிறான். எல்லாவற்றையும் நிறுத்திவிட்டுப் புனிதர் வரலாறு மட்டும் சொல்" என்கிறார்.

குழம்பிப்போன இந்தத் தாய், எந்தக் கதை சொன்னாலும் முடிவில் ஒரு கிறிஸ்தவப் பாடத்தை ஒட்டத் தொடங்கினார். அதற்கு மகள் சொன்ன பதில்: "அம்மா, கதையை மட்டும் சொல்லு. பிரசங்கத்தை நான் ஞாயிற்றுக்கிழமை கேட்டுக்கிறேன்."

அவர் கேட்பது மூன்று. அத்தையை, அதாவது மாமியாரை, கதை சொல்ல விடுவது, திருமணத்தின்போது கொடுத்த வாக்குறுதியை மீறுவதாகுமா? பழைய கதைகளிலிருந்து விசுவாசப் பாடத்தை எடுப்பது எப்படி? எதை நிறுத்த வேண்டும்?

அன்புச் சகோதரி,

மூன்றுக்கும் வருகிறேன். அதற்கு முன், நீங்கள் கேட்காத ஒன்று. கடிதத்தை மூன்று முறை படித்தேன். மூன்று முறையும் என் கண் போய் நின்ற இடம், பையன் வகுப்புக்குப் போக மறுக்கிறான் என்ற வரிதான். நீங்கள் அதை ஒரே வரியில் தாண்டிவிட்டீர்கள். அவனுக்கு விசுவாசத்தில் சந்தேகம் வரவில்லை. நாலு பேர் முன்னால் அவமானப்பட்டிருக்கிறான், அவ்வளவுதான். தனக்குப் பிடித்த ஒரு கதையை ஆசையாக எடுத்து நீட்டினான், எல்லோரும் சிரித்தார்கள். ஒன்று பாட்டியின் கதை தப்பு, இல்லாவிட்டால் கோயில் தப்பு என்ற முடிவுக்கு அந்த வயதில் ஒரு பிள்ளை எளிதாக வந்துவிடும். இரண்டில் எதற்கு வந்தாலும் உங்கள் வீட்டுக்கு நஷ்டம்.

அதனால் இந்த வாரமே அவனைத் தனியாக உட்கார வைத்து, "நீ சொன்ன பதில் முட்டாள்தனமானது இல்லை. நண்பனுக்காக உயிரைக் கொடுத்தவன்தான் கர்ணன். டீச்சர் கேட்டது இயேசுவைப் பற்றி. இரண்டு பேரையும் பற்றி நாம் ஒரு நாள் பேசலாம்" என்று சொல்லுங்கள். அதற்கு மேல் விளக்கம் வேண்டாம். அப்புறம் ஆசிரியையைப் போய்ப் பாருங்கள், சண்டைக்கு அல்ல. ஞாயிற்றுக்கிழமைதோறும் நாற்பது பிள்ளைகளைச் சமாளிப்பது சாதாரண வேலை இல்லை. "அடுத்த வகுப்பில் இவனுக்கு ஓர் உவமை சொல்ல வாய்ப்புக் கொடுங்கள், நன்றாகக் கதை சொல்வான்" என்று மட்டும் கேளுங்கள். பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள்.

வாக்குறுதி உண்மையில் என்ன சொல்கிறது

நீங்கள் கையெழுத்திட்ட வாக்குறுதி திருச்சபைச் சட்டத்தின் 1125-ஆம் எண்ணிலிருந்து வருவது. அதில் உங்கள் பங்கு இரண்டு. விசுவாசத்தை விட்டு விலகும் ஆபத்துகளை அகற்றத் தயார் என்று அறிவிக்கிறீர்கள். பிள்ளைகள் எல்லோரும் கத்தோலிக்க முறைப்படி திருமுழுக்குப் பெற்று வளர, உங்களால் இயன்றதெல்லாம் செய்வதாக உண்மையான மனத்தோடு வாக்களிக்கிறீர்கள். அந்த வாக்குறுதியைக் கொடுப்பது கத்தோலிக்கர் மட்டுமே. உங்கள் கணவருக்கு அது தெரிவிக்கப்பட்டிருக்க வேண்டும். அவரும் அவருடைய தாயாரும் எதிலும் கையெழுத்திடவில்லை.

'இயன்றதெல்லாம்' என்ற சொல்லைக் கவனியுங்கள். செபமாலை சொல்கிறீர்கள், திருப்பலிக்கு அழைத்துப் போகிறீர்கள், புதுநன்மைக்குத் தயார் செய்கிறீர்கள். பாட்டியின் வாயை அடைப்பது அந்தப் பட்டியலில் இல்லை. கர்ணன் கதை கேட்பது விசுவாசத்துக்கு ஆபத்து என்று நீங்களாகவே முடிவு செய்துகொண்டீர்கள். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. 1965 அக்டோபர் 28 அன்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட அறிக்கை, பிற சமயங்களில் உண்மையும் தூய்மையுமான எதையும் கத்தோலிக்கத் திருச்சபை ஒதுக்குவதில்லை என்கிறது. கதை கேட்பது வேறு, வழிபாட்டில் பங்கெடுப்பது வேறு. விரதம், நேர்த்திக்கடன் என்று பேச்சு வரும்போது அதைக் கணவரோடும் பங்குத்தந்தையோடும் தனியாகப் பேசிக்கொள்ளுங்கள். இரண்டையும் ஒரே மூட்டையில் கட்ட வேண்டாம்.

இது இன்று புதிதாக வந்த தாராளமும் அல்ல. நான்காம் நூற்றாண்டில் புனித பெரிய பசிலியார், கிரேக்கப் பழங்கதைகளை எப்படிப் படிப்பது என்று இளைஞர்களுக்கே ஓர் உரை எழுதினார். தேனீ எல்லாப் பூவிலும் உட்காராது, உட்கார்ந்த பூவையும் முழுசாகத் தூக்கிப் போகாது, வேண்டியதை மட்டும் எடுத்துக்கொண்டு மிச்சத்தை விட்டுவிடும் என்பது அவர் சொன்ன வழி. ஏதென்ஸ் நகரில் பேசிய பவுல், கிரேக்கக் கவிஞர்களின் வரியையே எடுத்து ஆண்டார் என்று திருத்தூதர் பணிகள் 17-ஆம் அதிகாரத்தில் இருக்கிறது.

நம் ஊரிலேயே வீரமாமுனிவர் இருக்கிறார். 1680-இல் இத்தாலியில் பிறந்து இங்கே வந்த சேசு சபைக் குரு. புனித சூசையப்பரைத் தலைவராக்கி 3615 பாடல்களில் தேம்பாவணி பாடியவர். அவரே பரமார்த்த குருவின் கதையையும் எழுதினார். மட்டி, மடையன் என்ற பெயர்களில் சீடர்கள். குதிரை முட்டை என்று பூசணிக்காயை வாங்கி வருகிற கூத்து. அதில் இயேசுவின் பெயர் எங்கே வருகிறது? ஒரு குருவானவர் பிள்ளைகள் வயிறு வலிக்கச் சிரிக்கும்படி எழுதிவிட்டுச் சும்மா இருந்தார். நீங்களும் இருக்கலாம்.

வேதாளத்திடம் கற்றுக்கொள்ளுங்கள்

இரண்டாவது கேள்வியில்தான் உங்களோடு கொஞ்சம் முரண்படுகிறேன். கதையிலிருந்து பாடத்தை 'எடுப்பது எப்படி' என்று கேட்கிறீர்கள். எடுக்காதீர்கள். உங்கள் மகள் சொன்னது துடுக்கு இல்லை, நல்ல விமர்சனம்.

அரசன் தாவீது பிறன் மனைவியைப் பறித்த பாவத்தை இறைவாக்கினர் நாத்தான் எப்படிச் சொன்னார்? அந்தப் பெண் பத்சேபாவின் பெயரை எடுக்கவில்லை, கட்டளையை ஒப்பிக்கவில்லை. ஓர் ஏழையையும் அவன் மடியில் வளர்ந்த ஒரே ஆட்டுக்குட்டியையும் பற்றி ஒரு கதை சொன்னார். பணக்காரன் அந்தக் குட்டியைப் பறித்து விருந்து வைத்தான் என்றதும் தாவீதுக்குக் கோபம் வந்தது. கோபம் வரும்வரை நாத்தான் காத்திருந்தார். அதற்குப் பிறகே "நீயே அம்மனிதன்" என்றார். முதல் வரியிலேயே, 'இது உன்னைப் பற்றிய கதை, கவனமாகக் கேள்' என்று தொடங்கியிருந்தால் அரசன் எழுந்து போயிருப்பான்.

இயேசுவும் பெரும்பாலும் அப்படித்தான். நல்ல சமாரியர் கதையைச் சொல்லிவிட்டு, இந்த மூவரில் அடிபட்டவனுக்கு அடுத்திருப்பவர் யார் என்று கேட்டவரிடமே கேள்வியைத் திருப்பினார். ஊதாரி மகன் கதையில் மூத்தவன் விருந்துக்குள் போனானா, வாசலிலேயே நின்றுவிட்டானா? லூக்கா சொல்லவே இல்லை.

உங்கள் அக்கா பயப்படுகிற வேதாளம் செய்வதும் இதுதான் என்பது வேடிக்கை. கதையைச் சொல்லும், சிக்கலான இடத்தில் நிறுத்தும், விக்கிரமாதித்தனிடம் ஒரு கேள்வி கேட்கும். பதிலை அவன்தான் சொல்ல வேண்டும். நீதியை வேதாளம் ஊட்டிவிடுவதில்லை. உங்களுக்கு நான் தரும் முறையும் அதுவே: முடிவில் ஒரு கேள்வி, அதுவும் உங்களுக்கே விடை நிச்சயமாகத் தெரியாத கேள்வியாக இருந்தால் இன்னும் நல்லது. பதில் வராவிட்டால் விளக்கை அணைத்துவிட்டுத் தூங்குங்கள். மூன்று நாள் கழித்துச் சாப்பிடும்போது வரும்.

ஆஸ்கார் வைல்டின் 'மகிழ்ச்சியான இளவரசன்' கதையைச் சொல்லி, "இளவரசன்தான் இயேசு, குருவிதான் சீடர்கள்" என்று விளக்கினேன் என்று எழுதியிருந்தீர்கள். பாவம் அந்தக் குருவி. பனியில் விறைத்து, சிலையாக நிற்கும் இளவரசனின் காலடியில் அது செத்து விழுகிற இடத்தில் எட்டு வயதுப் பிள்ளைக்குத் தொண்டை அடைக்கும். அந்த நேரத்தில் நீங்கள் அட்டவணை போட்டால் அடைப்பு போய்விடும், அட்டவணைதான் மிஞ்சும். அந்தத் தொண்டை அடைப்புதான் நீங்கள் தேடுகிற பாடம். புனித வெள்ளியன்று சிலுவைப் பாதையில் நிற்கும்போது அது தானாகத் திரும்பி வரும்.

பரமார்த்த குருவின் சீடர்கள் ஆற்றைக் கடந்ததும் தங்களை எண்ணுகிறார்கள். எண்ணுகிறவன் ஒவ்வொரு தடவையும் தன்னை விட்டுவிடுகிறான். ஒருவன் ஆற்றோடு போய்விட்டான் என்று அழுகிறார்கள். சொல்லுங்கள், சிரியுங்கள், அதோடு விடுங்கள். முதல் பாவசங்கீர்த்தனத்துக்கு முந்தின நாள் மகன், "அக்காதான் எப்பவும் சண்டை இழுக்கிறாள்" என்று வரும்போது, "எண்ணும்போது உன்னை விட்டுவிட்டாயோ?" என்று கேட்டுப் பாருங்கள். ஒரு மாதம் முன்னால் விதைத்த கதை அந்த ஒரு கேள்வியில் முளைத்துவிடும்.

மகளுக்கு இது போதாது. 13 வயதில் வாதாட ஆள் வேண்டும். விக்டர் ஹியூகோவின் நாவலை யோகி சுத்தானந்த பாரதியார் 'ஏழை படும் பாடு' என்று தமிழில் தந்திருக்கிறார். 1950-இல் படமாகவும் வந்தது, அதில் போலீஸ் அதிகாரியாக நடித்த சீதாராமனுக்கு 'ஜாவர்' என்பது பெயரோடு ஒட்டிக்கொண்டது. வெள்ளிப் பாத்திரங்களைத் திருடியவனைப் போலீஸ் பிடித்து வந்து நிறுத்துகிறது. ஆயரோ, "நான்தான் கொடுத்தேன், மெழுகுவர்த்தித் தண்டுகளை ஏன் விட்டுவிட்டுப் போனாய்?" என்கிறார். ஆயர் சொன்னது பொய்யா? பொய் என்றால் பாவமா? இதை மகளிடம் கேட்டுவிட்டு நீங்கள் எதிர்க்கட்சியில் நில்லுங்கள், அவள் எந்தப் பக்கம் நின்றாலும் சரி. இன்னொரு நாள், இரக்கம் காட்டப்பட்டதைத் தாங்க முடியாமல் ஜாவர் உடைந்துபோவதைப் பேசுங்கள். வாசலில் நின்ற மூத்த மகனை அவளே கண்டுபிடிப்பாள். இந்த நாவலைத் திருச்சபை 1864-இல் தடை நூல் பட்டியலில் சேர்த்தது என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள். அந்தப் பட்டியலே 1966-இல் சட்ட வலுவை இழந்தது.

ஆட்சேபணை கிளம்பினால், திருத்தந்தை பிரான்சிஸ் 2024 ஜூலை 17 தேதியிட்டு, இலக்கிய வாசிப்பைப் பற்றி மட்டுமே ஒரு கடிதம் எழுதினார் என்பது நினைவிருக்கட்டும். 1964-65இல் அவர் அர்ஜென்டினாவில் ஒரு சேசு சபைப் பள்ளியில் இலக்கிய ஆசிரியர். பாடத்திட்டத்தில் இருந்த பழங்காவியத்தை மாணவர்கள் விரும்பவில்லை. அவர்களுக்குப் பிடித்த எழுத்தாளர்களை வகுப்பில் பேசி, அங்கிருந்து மற்றதற்கு அழைத்துப் போனதாக அதில் சொல்கிறார்.

சரி, கர்ணன்

பையன் பாதிச் சரியான பதிலைச் சொன்னான். மீதிப் பாதியை நீங்கள் தெரிந்து வைத்திருக்க வேண்டும். உடனே சொல்வதற்காக அல்ல, நேரம் வரும்போது கையில் இருப்பதற்காக.

கர்ணன் ஏன் உயிரைக் கொடுத்தான்? தேரோட்டி மகன் என்று சபை எள்ளியபோது துரியோதனன் அவனுக்கு அங்க நாட்டைக் கொடுத்தான். அந்தச் செஞ்சோற்றுக் கடனைக் கர்ணன் உயிரால் அடைத்தான். பெரிய மனசு, சந்தேகமில்லை. இயேசு யாருக்கும் சோற்றுக்கடன் பட்டவர் அல்லர். தம்மை மறுதலித்தவருக்கும் ஆணி அடித்தவருக்கும் சேர்த்துக் கொடுத்தார். நாம் பாவிகளாய் இருந்தபோதே கிறிஸ்து நமக்காக இறந்தார் என்று உரோமையருக்கு எழுதும்போது பவுல் வியக்கிற இடம் அதுதான். கர்ணனை அறிந்த பிள்ளைக்கு இந்த வித்தியாசம் சட்டென்று விளங்கும். 'இயேசு நமக்காக இறந்தார்' என்று ஆயிரம் தடவை ஒப்பித்த பிள்ளைக்கு அதில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது என்றே தெரியாது. பாட்டி உங்களுக்கு ஓர் உபகாரம் செய்திருக்கிறார்.

இன்னொன்றும் உண்டு. சபையில் திரௌபதியை இழுத்து வந்து அவமானப்படுத்தியபோது, அதே கர்ணன் எந்தப் பக்கம் நின்றான்? கேட்டால் உங்கள் அத்தையே சொல்வார். நல்ல நண்பன் தப்புச் செய்தால் கூட நிற்பதா, விலகுவதா? 13 வயதுப் பெண்ணுக்கு இதைவிடப் பக்கத்தில் இருக்கிற கேள்வி வேறில்லை.

ஒரு எச்சரிக்கை. பாட்டி கதையை முடித்த கையோடு, "ஆனால் இயேசு இதைவிடப் பெரியவர்" என்று போட்டிக்கு இறங்காதீர்கள். அது பாட்டியைத் தோற்கடிப்பது போலத்தான் பிள்ளைகளுக்குப் படும்.

எனக்குக் கவலை தரும் கதைகள்

எல்லாம் நல்லதே என்று நான் சொல்லவில்லை. ஆனால் என் கவலை, பேயும் வேதாளமும் வரும் இடத்தில் இல்லை. வண்ணானையும் நாவிதனையும் முட்டாளாக்கிச் சிரிக்க வைக்கும் கதைகள், கருப்பாகவோ கூனாகவோ இருப்பவரைக் கெட்டவராகக் காட்டும் கதைகள், சித்தி என்றாலே கொடுமைக்காரி என்னும் கதைகள். நம் பழங்கதைகளிலும் இவை உண்டு, ஐரோப்பியக் கதைகளிலும் உண்டு. சாதி இல்லாத ஆலயப் பங்கு ஒன்று இருந்தால் சொல்லுங்கள், நான் இந்தப் பத்தியைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். இப்படிப்பட்ட இடம் வந்தால், "இதில் எனக்குச் சிரிப்பு வரவில்லை" என்று வெளிப்படையாகச் சொல்லலாம். இங்கே மட்டும் மௌனம் வேண்டாம்.

இதைவிட நுட்பமான ஆபத்து, நல்லவனுக்கு அரண்மனை, கெட்டவனுக்குத் தண்டனை என்று முடியும் கதை. பார்வைக்குச் சமயப் பாடம் போலவே இருக்கும். வீட்டில் ஒருவர் நோயில் விழுந்த அன்று அது விஷமாகும். "தாத்தா என்ன பாவம் செய்தார்?" என்று கேட்ட பிள்ளைகளை என் அறையில் பார்த்திருக்கிறேன். பிறவியிலேயே பார்வையற்றவரைக் காட்டிச் சீடர்கள் கேட்டதும் இதே கேள்விதான். இவர் செய்த பாவமும் இல்லை, இவர் பெற்றோர் செய்த பாவமும் இல்லை என்றார் இயேசு. யோபு நூல் முழுக்க இந்தக் கணக்கை எதிர்த்து நிற்கிறது. ஆகவே நல்லவர்கள் தோற்கிற கதைகளும் அவ்வப்போது வரட்டும்.

புனிதர் வரலாறு மட்டும் போதும், அது பாதுகாப்பானது என்பதும் அவ்வளவு சரியில்லை. புனித லாரன்சை இரும்புக் கட்டிலில் வாட்டியதை விலாவாரியாகக் கேட்டுவிட்டு எட்டு வயதுப் பிள்ளை நிம்மதியாகத் தூங்குமா?

தூக்கம் என்றதும் உங்கள் கடிதத்தின் கடைசிப் பக்கம் நினைவுக்கு வருகிறது. பெரியம்மா வீட்டுக்குப் போனால் கைபேசியில் 'நரகத்தைப் பார்த்துத் திரும்பியவரின் சாட்சி' காணொளிகளைப் பையன் பார்க்கிறான் என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். வேதாளக் கதையைப் பாட்டி மடியில் படுத்து ஆறு மாதமாகக் கேட்கிறான், அலறல் தொடங்கியது ஒரு மாதமாகத்தான் என்பதும் நீங்கள் எழுதியதே. தேதிகளைச் சேர்த்துப் பாருங்கள். காணொளியை நிறுத்தி மூன்று வாரம் பொறுங்கள். அதன் பிறகும் அலறல் நிற்காவிட்டால் குழந்தை நல மருத்துவரைப் பாருங்கள்.

அக்காவிடம் என்ன சொல்வது? அவருடைய பக்தி பொய்யில்லை, பிள்ளை மேல் பாசமும் பொய்யில்லை. வத்திக்கான் ஆவணங்களை வாட்ஸ்அப்பில் அனுப்பி வாதாடாதீர்கள், அதில் ஜெயித்தவர் யாரும் இல்லை. "அக்கா, நீயும் ஒரு ராத்திரி வந்து கதை சொல்லு. புனித பிரான்சிஸ் அசிசியார் ஓநாயிடம் பேசின கதை உனக்குத்தான் நல்லா வரும். போன் மட்டும் வேண்டாம்" என்று கூப்பிடுங்கள். போன் விஷயத்தில் மட்டும் உறுதியாக நில்லுங்கள். பிள்ளைகளை வளர்க்கும் முதல் பொறுப்பு பெற்றோருக்குத்தான் என்று திருச்சபையின் மறைக்கல்வி நூல் 2223-ஆம் எண்ணில் தெளிவாகச் சொல்கிறது. பெரியம்மாவுக்கும் பங்கின் அன்பியக் குழுவுக்கும் எனக்கும் அடுத்த இடம்தான்.

கடைசியாக ஒரு வேலை. இதுவரை அத்தை சொல்ல, பிள்ளைகள் கேட்டார்கள். இனி அத்தை ஒரு கதை சொன்னால், பதிலுக்கு உங்கள் மகன் அத்தைக்கு ஒரு கதை சொல்லட்டும். வகுப்பில் சொல்வதற்கு ஒத்திகையாகவும் இருக்கும். யோனாவில் தொடங்கலாம், கடவுள் போகச் சொன்ன ஊருக்கு எதிர்த்திசையில் கப்பல் ஏறியவன் கதையை அத்தை கேட்டிருக்க மாட்டார், கட்டாயம் ரசிப்பார். விழுங்கியது திமிங்கிலமா என்று அவர் கேட்டால், விவிலியத்தில் பெரிய மீன் என்றுதான் இருக்கிறது, திமிங்கிலம் பின்னால் ஆட்கள் சேர்த்தது என்று பையனை முன்கூட்டியே தயார் செய்துவிடுங்கள்.